கதவின் கீழ்த் துவாரங்கள்

வீட்டு ஸ்பீக்கர்களை ஒலிக்க வைக்கும் ரிசீவர் வாங்கப் போகிறவர்கள் முதலில் வாட் எண்ணைப் பார்க்கிறார்கள். அதில் ஏமாறக் கூடாது. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண், ஒன்றிரண்டு ஸ்பீக்கர்கள் மட்டும் ஒலிக்கும்போது அளந்தது. எல்லாம் சேர்ந்து ஒலிக்கும்போது என்ன மிஞ்சும் என்று பெட்டி சொல்லாது. நான் மாதக் கணக்கில் படித்துவிட்டுத்தான் வாங்கினேன்.

நீங்கள் கேட்டது இது இல்லை என்று தெரியும். என் மனைவி வீப்கே எப்படி இறந்தாள் என்று கேட்டீர்கள். எனக்கு இரண்டும் ஒரே கதைதான். வரிசையாகச் சொன்னால்தான் வரும்.

எங்கள் பழைய ரிசீவரால் இழப்பில்லாத ஒலியைக் கையாள முடியாது. இசை வட்டில் உள்ளது அதற்குள் முழுதாக நுழையாது. சுருக்கித்தான் அனுப்ப வேண்டும். சுருக்கும்போது, எதை நீக்கினால் காது கண்டுகொள்ளாதோ அதை நீக்கிவிடுவார்கள். பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்காது. ஆனால் வீப்கே பாடிய வட்டு ஒன்று எங்களிடம் இருந்தது.

அவள் தேவாலயப் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடுகிறவள். கேட்பவரைச் சுற்றிப் பாடகர்கள் வட்டமாக நின்று பாட, அதை அப்படியே பதிவு செய்திருந்தார்கள். அவள் எனக்குப் பின்னால் இடது பக்கம் நிற்க வேண்டும். பழைய ரிசீவரில் அந்தப் பக்கத்துக் குரல்கள் எல்லாம் ஒரே களியாக வந்தன.

"இதுல நீ எங்க இருக்கன்னு கண்டுபிடிக்கணும்" என்றேன்.

"சமையலறையில இருக்கேன். உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டு" என்றாள் வீப்கே. "பாட்டு வேணும்னா இங்க வாடா, பாடுறேன். இன்னொரு கத்தியும் இருக்கு, நீயும் உரிக்கலாம்."

நான் போகவில்லை. வட்டை மறுபடி முதலிலிருந்து போட்டேன்.

எங்கள் பிரேமன் நகரத்தில் அந்த மாதிரி ரிசீவர் விற்கும் கடைகள் அதிகம் இல்லை. விற்பனையாளர் அதிர்வு பற்றியே பேசினார். நான் இரண்டே கேள்விகள் கேட்டேன். வட்டில் இருப்பதை ஒரு துளி குறையாமல் அவிழ்க்குமா? அறையை மைக்கால் அளந்து தன்னைத் திருத்திக்கொள்ளுமா? இரண்டாவது முக்கியம். எவ்வளவு நல்ல ரிசீவரும் அறை தெரியாமல் பாடினால் வீண்.

"என்னைக் கட்டிக்கிறதுக்கு இவன் இவ்வளவு யோசிக்கல" என்றாள் வீப்கே.

"கட்டிக்கிட்டா திருப்பி எடுத்துக்க மாட்டாங்கன்னு அவருக்குத் தெரியாம இருந்திருக்கும் மேடம்" என்றார் விற்பனையாளர். அவள் கடை முழுக்கக் கேட்கும்படி சிரித்தாள்.

ரிசீவர் வந்த பிறகுதான் வீட்டின் சத்தம் எனக்குக் கேட்க ஆரம்பித்தது. நல்ல பதிவில் குரலுக்கும் குரலுக்கும் நடுவே உள்ள அமைதியும் இருக்கும். பாடகர்கள் மூச்சிழுப்பது இருக்கும். அந்த இடத்தை எங்கள் வீடு அடைத்துக்கொண்டது. கேட்கும் நேரத்தில் பிரிட்ஜை அணைத்தேன். டிராம் சத்தத்துக்காக ஜன்னல் சட்டங்களில் ரப்பர் பட்டை ஒட்டினேன். மிச்சம் இருந்தது கேஸ் கீசர்.

அது குளியலறையில் இருந்தது. பழைய வீடு, குளியலறைக்கு ஜன்னல் கிடையாது. வெந்நீரைத் திறந்தால் கீசர் உறுமும். கதவின் கீழே வரிசையாகத் துவாரங்கள் இருந்தன. உறுமல் அவற்றின் வழியாக நேராக வரவேற்பறைக்கு வரும்.

அந்தக் குளிர்காலத்திலும் டீட்யன் வந்து கீசரின் புகையையும் புகைபோக்கியின் இழுப்பையும் அளந்தார். அவர்தான் எங்கள் தெருவில் புகைபோக்கிகளைத் துப்புரவாக்கிச் சோதிக்கும் புகைபோக்கிக்காரர். கறுப்பு உடை, பொன்னிறப் பட்டன்கள். புகைபோக்கிக்காரரின் பட்டனைத் திருகுகிறவருக்கு அதிர்ஷ்டம் என்று எங்கள் ஊரில் நம்பிக்கை, அதனால் வீப்கே அவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"திருகும்மா, திருகு. போன வருஷம் ரெண்டு பட்டன் போச்சு. தைக்கிறவ என் வீட்டுக்காரி, திட்டு வாங்குறவன் நான்" என்றார் டீட்யன்.

"எனக்கில்ல, இவனுக்காகத் திருகுறேன். ஒரு பொட்டி வாங்கிட்டு வீட்டையே சாத்தி வச்சிருக்கான்."

"பொட்டிதானே? தேவலை. என் மச்சான் படகு வாங்குறேன்னு கல்யாணமான நாள்லேர்ந்து அலையறான்."

அளந்து முடித்ததும் என்னிடம் கதவின் துவாரங்களைக் காட்டினார். "இதை மட்டும் அடைச்சுடாதீங்க தம்பி. நெருப்புக்கு வேற வழியில காத்து வராது."

சரி என்றேன். அவர் போன மறுவாரம் வெள்ளைக் கம்பளிப் பட்டையை வெளிப்பக்கமாக ஒட்டினேன். கதவும் வெள்ளைதான். வேலை சுத்தமாக இருந்தது.

வீப்கே அன்றே கவனித்துவிட்டாள். "அந்த மனுஷன் அடைக்கக் கூடாதுன்னு சொன்னாரே?"

"இது காத்தை விடும். சத்தத்தை மட்டும் நிறுத்தும்."

அப்படி ஒரு பொருள் கிடையாது. நான் கல்லூரியில் படித்தது கட்டட இயற்பியல். அவள் பள்ளியில் லத்தீன் சொல்லிக்கொடுக்கிறவள். என்னை நம்பினாள்.

எங்கள் ஊரில் உறைபனியிலும் தினமும் ஜன்னல்களை அகலத் திறந்து வீட்டுக்குக் காற்று காட்டுவார்கள். அவளுக்கு அது பல் தேய்ப்பது மாதிரி. ரப்பர் பட்டை பிய்ந்துவிடும், கொஞ்ச நாள் பொறு என்றேன். பிறகு அவளுக்குத் தலைவலி தொடங்கியது. குளித்துவிட்டு வந்தால் அதிகமாகும். பாட்டுப் பயிற்சிக்குப் போய்வந்தால் போய்விடும்.

"பாடினா சரியாயிடுது பாரேன். மருந்துக் கடைக்காரன் பொழப்பே போயிடும்" என்பாள்.

பாடியதால் இல்லை, வீட்டைவிட்டு வெளியே இருந்ததால் என்று நான் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். யோசித்துப் பார்க்கவில்லை. யோசிக்காதபடி பார்த்துக்கொண்டேன் என்பது இன்னும் சரி. துவாரங்களைத் திறந்தால் உறுமல் திரும்ப வரும்.

ரிசீவர் அறையை அளக்கும் வேலையை ஞாயிற்றுக்கிழமை மதியம் வைத்துக்கொண்டேன். ஞாயிறு அன்று இங்கே யாரும் ஆணி அடிக்க மாட்டார்கள், புல் வெட்ட மாட்டார்கள். கீழ்வீட்டார் ஊரில் இல்லை. மைக்கை முக்காலியில் வைத்து, சோபாவில் ஒவ்வொரு இடமாக நகர்த்த வேண்டும். ஒவ்வொரு ஸ்பீக்கரும் ஒரு நீண்ட ஊளை எழுப்பும். அந்த நேரத்தில் அறை அசையக் கூடாது. நடுவில் கதவு திறந்தால் எல்லாம் முதலிலிருந்து.

வீப்கேயைக் குளிக்கப் போகச் சொன்னதும் நான்தான்.

"தலை இடிக்குதுடா. வெளியில ஒரு நடை போயிட்டு வரட்டுமா?"

"மாடிப்படியில சத்தம் வரும். தொட்டியில படுத்துக்கோ. நான் கூப்பிடுற வரைக்கும் கதவைத் திறக்காதே."

"ராஜா உத்தரவு" என்று நெற்றியில் கை வைத்துச் சலாம் போட்டுவிட்டுப் போனாள். கீசர் உறுமத் தொடங்கியது. எனக்குக் கிட்டத்தட்டக் கேட்கவில்லை. அது எனக்குத் திருப்தியாக இருந்தது.

கடைசி இடத்தை அளக்கும்போது ரிசீவர் நின்றுவிட்டது. அறையில் சத்தம் அதிகம் என்று திரையில் எழுத்து வந்தது. எனக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை. மைக்குக்குக் கேட்டிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போது எனக்கும் கேட்டது. கனமான ஏதோ தரையில் சரிந்த சத்தம். பிறகு மரத்தில் தட்டுவது, மெதுவாக, இடைவெளி விட்டு.

அது என்ன என்று எனக்குப் புரிந்தது. படித்தவன், புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். திரையில் மறுபடி முயலவும் என்று இருந்தது. அழுத்தினேன். இன்னும் ஒரே ஓர் இடம்தான் பாக்கி. தட்டுவது ஊளைக்கு நடுவே வராமல் இருந்தால் முடிந்துவிடும். முடிந்துவிட்டது.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தபோது கதவில் பட்டை இல்லை. அது என் கோட்டுப் பையில் இருந்தது. கீசரின் விஷவாயுதான் காரணம், புகைபோக்கியில் இழுப்பு போதவில்லை, அளந்தவர் கவனித்திருக்க வேண்டும் என்று அறிக்கை வந்தது. நான் மறுத்துப் பேசவில்லை.

டீட்யன் அடக்கத்துக்கு வந்திருந்தார். கறுப்புச் சீருடையில் இல்லை, சாதாரணப் பழுப்புக் கோட்டில், எல்லோருக்கும் பின்னால் நின்றார். யாரும் அவர் பக்கத்தில் நிற்கவில்லை. கடைசியில் என்னிடம் வந்தார்.

"அளந்தப்போ சரியாத்தான் இருந்துச்சு தம்பி. எங்க தவறவிட்டேன்னு தெரியல. ராவும் பகலும் அதையேதான் பார்த்துக்கிட்டிருக்கேன். அந்தப் பொண்ணு பட்டனைத் திருகிச்சே, அது கண்ணு முன்னாடியே நிக்குது."

அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். வந்ததற்கு நன்றி சொன்னேன்.

வீட்டுக்குப் போய் அந்த வட்டைப் போட்டேன். அளவீடு நன்றாக வந்திருந்தது. பின்னால், இடது பக்கம், ஓர் ஆண் குரலுக்குச் சற்று மேலே, வீப்கே இருந்தாள். வரி தொடங்குமுன் சின்னதாக மூக்கால் மூச்சிழுப்பாள், அதுவும் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். ஸ்பீக்கர் மட்டும் இருந்தது. அதன்பின் தினமும் கேட்கிறேன். அழுகை வரவில்லை. எதுவும் வரவில்லை.

டீட்யன் நாளை நீதிமன்றத்தில் தன் கவனக்குறைவுதான் என்று ஒப்புக்கொள்ளப் போகிறார் என்று அவருடைய வக்கீல் எழுதியிருந்தார். சிறைக்குப் போகலாம். வேலை எப்படியும் போய்விடும். அவரே இப்போது அதை நம்புகிறாராம். அளந்தது சரியாக இருந்தும் தப்பாக அளந்தேன் என்று ஒருவர் நம்புவது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் பட்டையை எடுத்துக்கொண்டு இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். உங்கள் மேசைமேல் இருப்பது அதுதான். ஓரத்தில் கதவின் வெள்ளைப் பெயின்ட் ஒட்டியிருக்கும், பாருங்கள்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடும் முன் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். கதவு முன் முழங்காலிட்டுப் பட்டையை உரித்தேன். நல்ல பசை, எளிதில் வரவில்லை. கிழியாமல் எடுக்க ஒரு முனையிலிருந்து மெதுவாகப் போனேன். பாதி உரித்தபோது ஒரு துவாரத்தின் அந்தப் பக்கம் அவளுடைய விரல் நுனி தெரிந்தது. நனைந்திருந்தது. ஹென்னிங் என்று என் பெயரைச் சொன்னாள். இவ்வளவு பக்கத்தில் அவள் குரல் தெளிவாகவே கேட்டது. வந்துட்டேன் என்றேன். மீதியையும் உரித்தேன். ஒட்டியிருந்த பசையை நகத்தால் சுரண்டி எடுத்தேன். அதற்குள் விரல் அங்கே இல்லை.

துவாரங்கள் திறந்தால் உள்ளே காற்று போகும். அதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். அவளைக் காப்பாற்றத்தான் பட்டையை எடுத்தேன். இதைத் தயவுசெய்து நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்.

கதவா? கதவு பூட்டியிருக்கவில்லை.