சேருது என்று சொன்னவன்

என் பணி ஓய்வு விழாவுக்குத் தலைமை தாங்கி, என் தலை நரைத்த கதையைக் கேட்கப் பொறுமையோடு அமர்ந்திருக்கும் உரிமையாளர் அவர்களே! துணியில் ஒரு நூல் பிசகினாலும் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளும் கட்டிங் மாஸ்டர் அண்ணன் அவர்களே! எனக்கு முன்பே இந்தக் கம்பெனியில் கால் வைத்த பெரியோர்களே! வீட்டில் ஒரு வேலை, இங்கே ஒரு வேலை என்று இரண்டையும் தோளில் சுமக்கும் தாய்மார்களே, தங்கைகளே! உங்கள் பாதங்களை நோக்கி என் வணக்கம். முகம் பார்த்து வணங்கத்தான் ஆசை. இன்று எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

சற்று முன் என் கையில் ஒரு கேடயம் தந்தீர்கள். முப்பத்தோரு ஆண்டுகளில் ஒரு நாளும் சரக்கு தாமதமாகாத தையல் லைன் என்று அதில் பொறித்திருக்கிறது. கை தட்டினீர்கள். ஒவ்வொரு தட்டும் என் கன்னத்தில் விழுந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

நாம் தைப்பது கைக்குழந்தைகளின் சட்டை. பச்சைப் பிள்ளையின் மேனியில் படுகிற துணி. அதனால்தான் இங்கே ஒரு விதி. ஊசி உடைந்தால் துண்டுகளை எல்லாம் தேடி எடுத்துத் தாளில் ஒட்ட வேண்டும். துண்டோடு துண்டு சேர்ந்து முழு ஊசியாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் அன்றைய சட்டைகள் அத்தனையையும் ஒதுக்கி, ஒவ்வொன்றாகத் தடவித் தேட வேண்டும். உலோகம் கண்டுபிடிக்கும் இயந்திரம் நம்மிடம் இன்றும் இல்லை. காகிதமும் கண்ணும்தான் காவல்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் அந்தக் காவலில் இருந்தவரைப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எப்போதும் கையில் லென்ஸோடு திரிவார். பூதக்கண்ணாடி அக்கா என்று அவருக்குப் பெயர் வைத்ததே நான்தான். சிரிக்கிறீர்கள். அவரும் அன்று சிரித்தார்.

ஒரு நாள், வாசலில் லாரி வந்து நிற்கிறது. மறுநாள் முதல் மூன்று நாள் விடுமுறை. அம்மா வீட்டுக்குப் போகப் பையும் கையுமாக வந்திருக்கிறார்கள் நாற்பது பேர். மதியம் மூன்று மணிக்கு ஓர் ஊசி உடைந்தது. முனையைக் காணோம். தரையைக் கூட்டினோம், காந்தத்தை உருட்டினோம், மெஷினைக் கவிழ்த்தோம். கிடைக்கவில்லை. அரிசியில் பாதி கூட இராத அந்த முனைக்காக மூவாயிரம் சட்டையைத் தடவ வேண்டும், மூன்று நாள் விடுமுறையை மறக்க வேண்டும்.

அப்போது ஒருவர் பழைய ஊசி டப்பாவிலிருந்து வேறொரு முனையை எடுத்துத் தாளில் ஒட்டினார். யாரென்று சொல்ல மாட்டேன். ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றவன் யாரென்று சொல்கிறேன். நான்.

அக்கா லென்ஸை வைத்துப் பார்த்தார். "இது வேற ஊசியோட முனை. உடைஞ்ச இடம் சேரலை" என்றார். நாற்பது பேரும் அவரை முறைத்தார்கள். அவர் லென்ஸை என் கையில் கொடுத்தார்.

"நீங்களும் பாருங்கண்ணே. சேரலைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நான் தனியா நிக்க வேண்டியதில்லை."

பார்த்தேன். சேரவில்லை. பட்டப்பகல் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது. மைக்கைக் கண்டால் மணிக்கணக்கில் பேசுகிற இந்த வாய், அன்று என்ன பேசிற்று?

"சேருது" என்றேன். சூப்பர்வைசர் என்ற முறையில் கையெழுத்தும் போட்டேன். லாரி போய்விட்டது.

ஏன் சொன்னேன்? வேலை போய்விடும் என்றா? போகாது. உரிமையாளர் திட்டுவார் என்றா? அவர் அன்று இங்கேயே இல்லை. மனசாட்சி பேசவில்லையா? பேசிற்று ஐயா, காது கிழியப் பேசிற்று! மதியச் சாப்பாட்டுக்கு யாரோடு உட்காருவது என்று பயந்தேன். அவ்வளவுதான். நாற்பது முகம் திரும்பிக்கொண்டால் தாங்க முடியாதே என்கிற அற்பப் பயம்.

அந்த நாற்பது முகமும் அக்காவைக் கண்டால் திரும்பிக்கொண்டன. அவர் தனியாகச் சாப்பிட்டார். என் சாப்பாட்டு டப்பாவையும் நான் அடுத்த மேசைக்கு நகர்த்திக்கொண்டேன். ஒரு மாதம் பொறுத்தார். பிறகு லென்ஸை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டி மனசை ஆற்றியிருப்பேன். அவர் திட்டவில்லை. இரண்டு வருஷம் கழித்துத் தேடிப் போனேன். வீடு மாறியிருந்தார்.

பின்வரிசையில் யாரோ, "அதான் ஒண்ணும் ஆகலையே" என்கிறீர்கள். ஆகவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? அந்த முனை எந்தப் பிள்ளையின் சட்டையில், எந்தத் தையலில் போயிற்று? எனக்குத் தெரியாது. பேத்தி பிறந்தபோது புதுச்சட்டையின் தையலை அங்குலம் அங்குலமாகத் தடவினேன். "என்னப்பா தேடுறீங்க?" என்று மகள் கேட்டாள். நூல் பிசிறு என்றேன். அது அடுத்த பொய். என் பேத்திக்குத் தடவிப் பார்த்த கை, ஊரார் பிள்ளைகளுக்குத் தடவவில்லையே!

தயவுசெய்து கை தட்டாதீர்கள். இது கை தட்டுகிற கதை இல்லை. இன்னும் முடியவும் இல்லை.

நேற்று மூன்றாவது லைனில் ஊசி உடைந்தது. முனை கிடைக்கவில்லை. கையெழுத்துப் போட மாட்டேன் என்று செக்கிங் தங்கை சொல்லிவிட்டாள். சரக்கு நிற்கிறது. இன்று காலை பார்த்தால், தாளில் ஒரு முனை தானாக முளைத்திருக்கிறது! போகிற போக்கில் ஒரு கையெழுத்து என்று என்னிடம் நீட்டினார்கள்.

உரிமையாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். முடித்துவிடுகிறேன் ஐயா. தாள் இதோ. அக்காவின் லென்ஸ் இதோ. பார்த்துவிட்டுத்தான் மேடை ஏறினேன். பதினோரு ஆண்டு தாமதமாகச் சொல்கிறேன், எல்லோருக்கும் கேட்கும்படி மைக்கில் சொல்கிறேன்: சேரவில்லை. அன்றும் சேரவில்லை. இன்றும் சேரவில்லை.

இந்தக் கேடயத்தை மேசையிலேயே வைத்துவிடுகிறேன். நாளைக் காலை சட்டைகளைத் தடவித் தேட நான் வருகிறேன். வருகிறவர்கள் வாருங்கள்.

உட்கார இடமில்லாமல் சுவரோரம் இத்தனை பேர் நிற்கிறீர்கள். ஏழாவது வரிசையில் அந்தச் செக்கிங் தங்கைக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி, இரண்டும் காலி. இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி கூறி, கீழே இறங்கிப் போய் அதில் ஒன்றில் உட்காரப் போகிறேன். இன்னொன்று காலியாகத்தான் இருக்கிறது. வணக்கம்.