இரண்டு ரஸ்டி மக்லின்கள்

சந்தோஷம் வந்தால் எனக்கு விக்கல் பிடித்துக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தபோது, எடுத்த பெண் நான் விம்மி அழுவதாக நினைத்துவிட்டாள். "அழாதீங்க சார், வண்டி கிளம்பிடுச்சு" என்று தேற்றினாள். நல்ல பெண். அவளைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

ஆர்லோ பெட்ராஸ்கியும் நானும் முப்பத்தெட்டு வருட நண்பர்கள், மேடம். ஸ்க்ரான்டனில் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம்; அவன் இயற்பியல், நான் தட்டச்சு. எங்களைச் சேர்த்து வைத்தது ஆட்டக்காரர் படம் போட்ட பேஸ்பால் அட்டைகள். கடையில் சூயிங்கத்தோடு கொடுக்கிற அட்டைகள் இல்லை. அவற்றை யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம். நாங்கள் தேடியது சோதனை அச்சுகளை. ஆயிரக்கணக்கில் அடிப்பதற்கு முன், நிறம் சரியாக விழுகிறதா என்று அச்சகத்தில் நாலைந்து அடித்துப் பார்ப்பார்கள். பின்பக்கம் வெறுமையாக இருக்கும். பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடுவார்கள். கிழிபடாமல் தப்பியது ஒன்று கிடைத்தால் எங்களுக்கு அன்று திருவிழா.

அதிலும் ரஸ்டி மக்லின் என்ற ஆட்டக்காரனின் அட்டை. 1961இல் அவனுக்கு அட்டை தயாரானது. சீசன் தொடங்குமுன் படகை இறக்கப்போய்த் தோள்பட்டையை முறித்துக்கொண்டான். ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை, அட்டையும் வெளிவரவில்லை. சோதனைத் தாள் அடித்தார்கள் என்று ஒரு பேச்சு மட்டும் உண்டு. அந்தப் பேச்சை இருபது வருடம் துரத்தினோம்.

அன்று காலை ஆர்லோ கூப்பிட்டான். "டெல், போட்டிருக்கிற சட்டையோட வா. பல்லு விளக்கினா போதும், சவரமெல்லாம் வேண்டாம்."

போனேன். கதவைத் திறந்தவன் நின்ற இடத்தில் நிற்க முடியாமல் குதித்துக்கொண்டிருந்தான். அறுபத்தொன்பது வயது. "கையைக் கழுவுடா. இப்ப கண்ணை மூடு."

திறந்தபோது என் கையில் ரஸ்டி மக்லின். சிவப்பு மை சரியாக விழாததால் ஒரு காது மட்டும் பச்சை. அழகென்றால் அப்படி ஓர் அழகு. எனக்கு விக்கல் ஆரம்பித்தது. ஆர்லோ என் தோளைப் பிடித்துச் சமையலறை முழுக்க போல்கா நடனம் ஆடினான். இரண்டு கிழவர்கள், மேடம். நாற்காலி விழுந்தது, காப்பி கவிழ்ந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

"வெச்சுக்கோ. அது உனக்கு."

"விளையாடாத."

"நெஜமாத்தான்டா. அச்சகத்து ஃபோர்மேன் செத்துட்டான், வீட்டுச் சாமானையெல்லாம் வித்தாங்க. அதுல கெடச்சுது. உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு." இழுப்பறையைத் திறந்து இன்னொன்றைக் காட்டினான். அதே பச்சைக் காது.

நன்றி சொன்னேன். கட்டிக்கொண்டேன். மனதாரத்தான். ஆனால் உலகத்தில் ஒன்றே ஒன்று இருப்பது வேறு, இரண்டு இருப்பது வேறு. சேகரிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆடிய களைப்பில் அவனுக்கு மூச்சு வாங்கியது. மார்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். "டெல், மாத்திரை... ஜன்னல் பக்கம்."

பார்த்தேன். மூன்று எட்டு தூரம். அவன் கொடுத்த அட்டையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தேன். மேசை முழுக்கக் காப்பி, எங்கே வைப்பது?

"என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற?" என்றான். கோபமில்லை. பாதி சிரித்துக்கொண்டுதான் கேட்டான். நான் ஏதோ வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்திருப்பான்.

அவன் அடங்கப் பதினோரு நிமிடம் ஆயிற்று. அடுப்புக்கு மேலே கடிகாரம் இருந்தது.

பிறகு அட்டையைச் சட்டைப் பையில் வைத்தேன். ஆமாம், பை இருந்தது. இழுப்பறையில் இருந்ததை எடுத்து காஸ் அடுப்பில் காட்டினேன். காதுதான் முதலில் சுருண்டது. அப்புறம்தான் போன் செய்தேன்.

மாத்திரை கொடுத்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொல்கிறாராம். சரியாகத்தான் சொல்கிறார். கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவன் மகள், அப்பாவின் அட்டையை நான் திருடிவிட்டதாகப் புகார் கொடுத்திருக்கிறாளே, அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள். ஆர்லோ தன் கையால் கொடுத்ததைத் தவிர அந்த வீட்டிலிருந்து ஒரு துரும்பைக்கூட நான் எடுத்து வரவில்லை. நண்பனுக்குத் துரோகம் செய்கிற ஆள் இல்லை நான்.