முகடு தெரியும்வரை ஒரு வரவேற்புரை

அவைக்குத் தலைமை தாங்கி, சற்று முன்புதான் கண்ணயர்ந்த தலைவர் அவர்களே! சால்வைக்குள்ளிருந்து மூக்கை மட்டும் காட்டும் சான்றோர்களே! பல் தந்தியடிக்கும் குளிரிலும் பல் தெரியச் சிரிக்கும் தாய்மார்களே! வளைந்து வளைந்து மலையேறி, வழியெல்லாம் வயிற்றைக் காலி செய்துவிட்டு வந்திருக்கும் விருந்தினர்களே! விறைத்துப்போன இரு கரம் குவித்து உங்களை வரவேற்கிறேன்.

எங்கள் ஊரைப் பற்றி என்ன சொல்வேன்? எங்கும் அமைதி, எதிலும் அமைதி! ஒரு வீட்டில் சண்டை நடந்தால், "சரியாக் கேக்கல, இன்னொரு தடவை திட்டுங்க" என்று எதிர்வீட்டார் கெஞ்சும் அளவுக்கு அமைதி!

என்னம்மா? "மலை எங்கங்க?" என்றா கேட்கிறீர்கள்? நியாயமான கேள்வி. உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது. மைக் செட்காரர் நாற்காலிகளை மேடைப்பக்கம் பார்த்துப் போட்டுவிட்டார். திரும்பாதீர்கள், திரும்பினாலும் வெறும் வெள்ளைதான் தெரியும். அதனால்தான் எங்கள் ஊரில் வரவேற்புரைக்குக் கால அளவே கிடையாது. மூடுபனி விலகி முகடு தெரியும்வரை பேச வேண்டும். என்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? நான் பல் மருத்துவன். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாதவர்களிடமே பேசிப் பழகியவன்.

அதோ, பேருந்து ஓட்டுநர் தம்பி ஹாரன் அடிக்கிறார். அதைக் கைதட்டலாகவே எடுத்துக்கொள்கிறேன். "மலையும் தெரியல, ஒரு மண்ணும் தெரியல. இருட்டறதுக்குள்ள இறங்கிடலாம்" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. உடனே மைக்கை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஏன்?

மைதானத்து ஓரத்தில் நீலக் கதவு தெரிகிறதா? கையில் கரண்டியோடு வாசலில் நிற்பவள் என் தங்கை. அந்த விடுதி அவளுடையது. தலையணை உறைகூட அவள் தைத்ததுதான். வருகிறவர்களோ பனியைப் பார்த்துவிட்டு அன்றே இறங்கிவிடுகிறார்கள். நேற்று சொன்னாள்: "அண்ணா, நாளைக்கு வர்றவங்களும் தங்கலைன்னா, பூட்டிட்டு நாங்க கீழயே போயிடறோம்." அவள் போய்விட்டால் என்னோடு சண்டை போட யார் இருக்கிறார்கள்? வாரம் தவறாமல் என் மானத்தை வாங்க யார் இருக்கிறார்கள்? யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்!

"அண்ணா! வீட்டுக் கதையெல்லாம் எதுக்கு மைக்குல? வாயை மூடு!"

கேட்டீர்களா? இந்த ஊரில் சத்தம் போடும் ஒரே ஆள் அவள்தான். அவள் இல்லாத அமைதி எனக்கு வேண்டவே வேண்டாம் ஐயா! சிரிக்காதீர்கள், மனதாரச் சொல்கிறேன்.

இதோ, சிவப்புக் கம்பளித் தாயார் எழுந்துவிட்டார். என்னம்மா சொல்கிறீர்கள்?

"இவ்வளவு தூரம் வந்துட்டு மலையைப் பாக்காம போறதா? ராத்திரி தங்கி, காலைல பாத்துட்டே போறோம்!"

நீங்கள் தாயல்ல, தெய்வம்! எல்லோரும் தங்குகிறீர்களா? ஆகா, கை தட்டுங்கள்! கை தட்டு... ஐயையோ.

ஒன்றுமில்லை. என்னையே பாருங்கள். என் முகத்தில் விழுவது வெயில் அல்ல, விளக்கு. தலைவர் அவர்களே, இப்போதுதானா விழிக்க வேண்டும்? கையை இறக்குங்கள், அங்கே எதையும் காட்டாதீர்கள்! தாயே, திரும்பாதீர்கள்! பார்த்துவிட்டால் இன்றே இறங்கிவிடுவீர்கள்! காலையில் பார்க்கலாம் என்றீர்களே...

திரும்பிவிட்டார்கள். எல்லோருமே திரும்பிவிட்டார்கள். அடிவாரம் முதல் முகடு வரை ஒரு துளி பனி இல்லை. இந்த ஊரிலேயே பிறந்த நானே கைகூப்பி நிற்கிறேன். ஏன் ஒருவரும் பையைத் தூக்கவில்லை?

பேருந்தின் எஞ்சின் நின்றுவிட்டது. ஓட்டுநர் தம்பி இறங்கி நீலக் கதவுக்கே போகிறார். என்ன கேட்கிறார்?

"அக்கா, எனக்கும் ஒரு ரூம் கிடைக்குமா? மலைப் பக்கம் ஜன்னல் இருக்கறதா பாத்துக் குடுங்க."

அன்புப் பெருமக்களே! முகம் பார்த்துத் தொடங்கினேன், முதுகு பார்த்து முடிக்கிறேன். திரும்ப வேண்டாம், அப்படியே இருங்கள். உங்கள் முதுகுகள் அனைத்துக்கும் என் நன்றி, வணக்கம்! தங்கச்சி, அழுதது போதும், தம்பிக்கு ஒரு தலையணை எடுத்து வை!