தென்துருவத்துச் சேத்துல கல்லு

சேத்துல கல்லு இல்லன்னா அது நல்ல சேறா, கெட்ட சேறா, நீங்களே சொல்லுங்க மேடம்? நாத்து நடறவங்கள கேட்டுப் பாருங்க, கல்லு இல்லாத சேறுன்னா கண்ணுல ஒத்திக்குவாங்க. இவன் இன்னான்னா கல்லக் காணோம், கல்லக் காணோம்னு மூணு வாரமா ஒழுங்கா சோறு தின்ன மாட்றான்!

உக்காருங்க, உக்காருங்க... அந்த சேர் வேணாம், ஒரு கால் ஆடும். தோ, இதுல. ஃபேன் போடறேன். நான் டேவிட்சனோட அக்கா, ஸ்வீட்லின். நீங்க சுசித்ரா மேடம்தானே? ஆங், போட்டோ காட்டிருக்கான். எங்க மேடத்துகிட்டதான்க்கா ஆராய்ச்சி பண்றேன், தமிழ்லயே பேசுவாங்கன்னான். கோவாலேர்ந்து எம்மாந்தூரம்! அதுவும் ஆடிக்கிருத்திகை அன்னிக்கா வரணும்? திருத்தணில எறங்கி, காவடிக் கூட்டத்துல நீந்தி, இந்த கே.ஜி.கண்டிகைக்கு ஆட்டோ புடிச்சு... சுத்திதான் கூட்டிகினு வந்திருப்பான் ஆட்டோக்காரன், கேட்டா கூட்டம்பான். தம்பி முட்டை வாங்க தோ கடை வரைக்கும் போயிருக்கான். நீங்க மத்தியானத்துக்கு மேலதான் வருவீங்கன்னு நெனச்சுட்டான்.

அதுக்குள்ள நான் ஒண்ணு கேக்கணும், கோச்சிக்காதீங்க. காமாலை வந்து படுத்த புள்ளகிட்ட யாருனா மூட்டை கட்டி சேறு குடுத்தனுப்புவாங்களா? ...சரி சரி, அவன்தான் கேட்டு வாங்கினு வந்தான், ஒத்துக்கறேன். மிச்சம் முப்பது பாக்கெட்ட வூட்ல இருந்தே பாத்து முடிச்சுடறேன்னு கெஞ்சினானாமே. அந்த மைக்ராஸ்கோப்ப வைக்கறதுக்கு என் மிக்ஸிய எடுத்து கீழ வச்சுட்டான் மேடம். மூணு மாசமா தரையில குந்திகினுதான் சட்னி அரைக்கறேன்.

பக்கத்து வூட்டு கன்னியம்மாத்தே வந்து, "இன்னா நைனா, விபூதியா?"ன்னு ஒரு பாக்கெட்ட மோந்து பாத்தாங்க. காஞ்ச சேறுதான், ஆனா வெளுப்பா, மாவு மாதிரி நைசா இருக்குதில்ல? இல்லத்தே, அண்டார்டிக்கா பக்கம் கடலுக்கு அடில இருந்து எடுத்ததுன்னேன். "நம்ம ஏரியில இல்லாத சேறா?"ன்னாங்க. எனக்கும் அதே டவுட்டுதான். அப்புறம் அவன் படுத்துகினே வெளக்கினான். ஒரு பாக்கெட்டுன்னா ஐநூறு வருஷமாம். அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கடல்பாசியோட ஓடெல்லாம், கண்ணாடில செஞ்சாப்ல. ஒரு வகை ஓடு இருந்தா கடல் மேல பனி மூடிகினு இருந்துச்சாம். வேற வகை இருந்தா தண்ணி தெறந்து கெடந்துச்சாம். செத்து எத்தினி ஆயிரம் வருஷம், இன்னும் சாட்சி சொல்லிகினு இருக்குது பாருங்க! நம்ம தெருவுல நேத்து நடந்த சண்டைக்கே ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க.

பாதி வரைக்கும் ஒரு தொல்லையும் இல்ல. அங்க கோவாவுல பாத்த முப்பதுலயும் கல்லு. இங்க பாத்த முப்பதுல பொட்டுக் கல்லு இல்ல! "அக்கா, பதினஞ்சாயிரம் வருஷம் ஒரு பனிக்கட்டி கூட அந்தப் பக்கம் வரல, கடலே சூடாயிடுச்சு"ன்னு மொதல்ல குதிச்சான். பெரிய கண்டுபிடிப்புன்னான். ரெண்டு நாள் போவல, "ஓட்டக் கேட்டா பனி இருந்துச்சுன்னு சொல்லுதே, கல்லக் கேட்டா இல்லன்னு சொல்லுதே"ன்னு தலையில கைய வச்சுகினான். திங்கக்கெழம மீட்டிங்ல அத்தினி பேர் முன்னாடி எழுந்து நின்னு இதத்தான் பேசணுமாம். தப்பாயிடுச்சுன்னா நாலு வருஷப் படிப்பும் போச்சுக்கான்றான். அப்பா இல்லாம வளந்த புள்ள மேடம், நான்தான்... சரி, வுடுங்க.

நானும் சும்மா இல்ல. சர்ச்சுல ஜெபக்குறிப்பு எழுதிக் குடுத்தேன், "தம்பி டேவிட்சனுக்காக, கல்லு"ன்னு. பாஸ்டர் அப்படியே படிச்சாரு. அவ்ளோதான்! ஆராதனை முடிஞ்சு வூட்டுக்கு வர்றதுக்குள்ள எங்க சர்ச்சு பெபி அக்கா ஒரு சொம்பு வாழத்தண்டுச் சாறோட வாசல்ல நிக்கறாங்க. "எந்தப் பக்கம் கல்லு, வலதா எடதா?"ன்றாங்க. "கல்லு வரணும்க்கா"ன்னு நான் சொல்ல, "வரும் வரும், குடிச்சா தன்னால வரும்"ன்றாங்க! ஒரு வாரம் குடிச்சான் பாவம்.

டீ ஆறுது, எடுத்துக்குங்க...

இன்னா? கல்லுக்கும் பனிக்கட்டிக்கும் இன்னா சம்மந்தம்னா? அத நான் கேட்டுக்கல மேடம், அடுப்புல ஏதாச்சும் இருந்திருக்கும். நீங்க சொல்லுங்க... ஆங்... கரையிலேர்ந்து பனி ஒடையறப்ப கல்லயும் சேத்து இழுத்துகினு வருமா... நடுக்கடல்ல உருகி, கீழ போட்டுடுமா... இந்தப் புளியங்கொட்ட அளவு கல்லு கூடவா? அதத்தான் எண்ணறதா?

இருங்க மேடம். ஒரு நிமிஷம் இருங்க.

இல்ல... வந்த ரெண்டாம் நாள், மருந்து சாப்ட்டுட்டு படுக்கறப்ப சொன்னான், "முப்பது பாக்கெட்டும் கல்லு பாக்கணும்க்கா, முடியல"ன்னு. எங்க வூட்ல கல்லு பாக்கறதுன்னா இன்னா மேடம்? அரிசில கல்லு பாக்கறது, பருப்புல கல்லு பாக்கறது... புள்ள முடியாம கெடக்குதே, நாமளே பாத்து வச்சுடலாம்னு... மொறத்துல கொட்டி... ஒண்ணோட ஒண்ணு கலக்கல மேடம், சத்தியமா! எந்தப் பாக்கெட்டோ அதுலயே திருப்பிப் போட்டு, ரப்பர் பேண்டும் போட்டேன். ரேஷன் அரிசில கூட நான் அம்மாம் கல்லு பாத்ததில்ல. இடுப்பே வுட்டுப் போச்சு. சொன்னா "உனக்கேன்க்கா இந்த வேல"ன்னு வருத்தப்படுவான்னு சொல்லல.

அவன் தேடறது இந்தக் கல்லத்தான்னு எனக்கு எப்படிங்க தோணும்? கண்ணாடி வச்சுத் தேடறானே, ஏதோ கண்ணுக்கே தெரியாத கல்லுன்னு இல்ல நெனச்சேன்! கைல அம்புடற கல்லுக்கா இந்தப் பாடு?

அப்ப கடல் சூடே ஆவல. பதினஞ்சாயிரம் வருஷத்துப் பனிய நான் ஒருத்தி, ஒரே மத்தியானத்துல, மொறத்துல...

கல்லா? இருக்குது, எங்க போவும். தோ, நீங்க பாத்துகினு இருக்கீங்களே, மணி பிளாண்ட் பாட்டிலு... அதுக்குள்ளதான். என் பொண்ணு அபி கழுவிக் கழுவிப் போட்டா. ஏன் மேடம், உங்களுக்குக் கல்லப் பாத்தாலே எந்தப் பாக்கெட்டுதுன்னு தெரியாதா? ...தெரியாது. சரி.

இன்னாது, கடலுக்கு அடிலேர்ந்து கம்பமாட்டம் உருவின அந்தச் சேத்த நெடுக்க ரெண்டா பொளந்து மறுபாதிய அங்கயே பத்திரமா வச்சிருக்கீங்களா? தொடாம? ஸ்தோத்திரம்! அப்ப மறுபடியும் பாத்துக்கலாம்... ஆனா திங்கக்கெழம அவன் பேசக்கூடாது. இன்னைக்கே சொல்லிடணும். ஆமா, சொல்லித்தான் ஆவணும்.

வண்டி சத்தம்... அவன்தான். நீங்க சொல்லாதீங்க மேடம், நானே சொல்றேன், நான்தானே பண்ணேன். நீங்க மட்டும் மொதல்ல போயி, அவன் கைல இருக்கற முட்டை அட்டைய வாங்கிக்குங்க.