திரை பார்த்த கண்

“…நீங்க தலையைச் சாய்ச்சா வீடும் கூடவே திரும்புச்சு. பக்கத்துல உக்காந்திருந்த எனக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுது!”

ஒரத்தநாடு பஸ்ஸில் என் முன் சீட்டு அம்மா தன் கணவரிடம் சொன்னார். தஞ்சாவூரில் இன்ஜினியர் ஆபீஸில், இவர்கள் கட்டப்போகும் வீட்டைக் கண்ணாடி மாட்டாமலே முப்பரிமாணத்தில் பார்க்கிற திரையில் காட்டினார்களாம்.

“அது ஒரு ஆளோட கண்ணைப் பாத்துதான் படத்தைத் திருப்புமாம். இன்ஜினியர் சொன்னாருல்ல?”

“அந்த ஒரு ஆளு நீங்கதானாக்கும்.”

“அதான் நல்லாப் பாத்துட்டு சரின்னுட்டேனே. நாளைக்கு அஸ்திவாரம் தோண்ட வர்றாங்க.”

“சரி, அடுப்படில நின்னா வாசல் தெரியுமா?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அடுப்படிப் பக்கம் நான் திரும்பலையே. மாடிப்படி பாத்தேன், வண்டி நிறுத்துற எடம் பாத்தேன்.”

“இத்தனை வருஷமா சுவத்தைப் பாத்துக்கிட்டே சமைச்சாச்சுங்க. புது வீட்டுலயும் அதேதானா?”

அடுத்த நிறுத்தத்தில் பஸ் நின்றதும் அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“ஏய், டிக்கெட் ஒரத்தநாடு வரைக்கும் எடுத்தாச்சு!”

அம்மா இறங்கி, ரோட்டைக் கடந்து, தஞ்சாவூர் பஸ் நிற்கிற பக்கம் போய் நின்றுகொண்டார்.