எம்பொண்ண ஒளிச்சி வச்ச வூடு

சேர்லாம் வேணாம் ஜெசிந்தா, நான் கீழயே குந்திக்கிறேன். அக்கான்னு கூப்புடாத, ஒடம்பெல்லாம் கூசுது. உங்க வூட்டுக்காரு உள்ள படுத்துகினு கீறாரா? எழுப்பாத. அந்தக் கைக்கட்ட பாத்தா எனக்குத் தாங்காது.

எம்பையன் கலையரசன் அடிச்ச அடியாச்சே அது. தங்கச்சி தமிழ்ச்செல்வி காலனிப் புள்ளயக் கட்டிகினான்னு அப்டி ஒரு வெறி. ஆளுங்களக் கூட்டிகினு வந்து, எங்க எந்தங்கச்சின்னு கேட்டு கேட்டு அடிச்சானாமே. அவளும் அந்தப் புள்ள இனியனும் இங்க பின்னாடி பாத்ரூம்ல மூச்சு வுடாம நின்னுகினு இருந்தாங்களாம். இவரு வாயே தொறக்கலியாம். நீ வாசக்கால்ல குந்திகினு, என்ன மிதிச்சிட்டு உள்ள போன்னியாம். போன்ல சொல்லிச் சொல்லி அழுவுறா எம்பொண்ணு.

இன்னா ஒறவு உனக்கும் அவளுக்கும்? பொத்தேரில படிக்கசொல்ல நீ சமைக்கிற மெஸ்ல சாப்புட்டா, அவ்ளோதானே. அந்தப் புள்ளயும் உனக்கு சொந்தம் கெடையாது. எங்களுக்கு ஊரெல்லாம் மாமன், சித்தப்பன். ஒருத்தரும் அவளுக்குக் கதவத் தொறக்கல.

இல்லல்ல, அவங்க இப்ப எங்க கீறாங்கன்னு கேக்க வரல. அதுக்குதானே பாதிக் கதவத் தொறந்துகினு என்ன அப்டிப் பாத்த. தப்பில்ல. நானா இருந்தாலும் நம்ப மாட்டேன். நீ சொல்லாத.

ஆனா கலையரசனுக்கு எப்டியோ தெரிஞ்சிபோச்சி. இன்னிக்குக் காலைல கத்தியத் தூக்கி வேன்ல வைக்கிறான். அவங்கப்பா நின்னு பாத்துகினு கீறாரு. முடிச்சிட்டு வாடான்றாரு. பெத்த பொண்ண. நான் கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு நேரா திருக்கழுக்குன்றம் போலீஸ் ஸ்டேசனுக்குப் போயிட்டேன். வேன் நம்பரு சொன்னேன். உங்க வூட்டுக்காரு கைய ஒடச்சதயும் சேத்து சொன்னேன். வழியிலயே புடிச்சிட்டாங்களாம். கோர்ட்லயும் சொல்றேன்னு கையெழுத்துப் போட்டுகீறேன்.

ம். நான்தான் சொன்னேன்னு வூட்ல தெரிஞ்சிபோச்சி. அவங்கப்பா போன் போட்டாரு. வூட்டுப் பக்கம் வந்தா மொதல்ல உன்னதான் வெட்டுவேன்னாரு. எந்தம்பி வூட்டுக்குப் போனேன், உள்ள டிவி ஓடுது, யாரும் வந்து தொறக்கல. கேளம்பாக்கம் பஸ்ல ஏறிட்டேன்.

எந்த வாய வச்சிகினு உன்னக் கேக்குறதுன்னுதான் இவ்ளோ நேரம் பேசிகினே கீறேன். கொஞ்ச நாளைக்கு இங்க இருந்துக்கட்டுமா, ஜெசிந்தா?