காளவாசல் இல்லத்துக்கு ஒரு செயலாளர்

தலைமையேற்றிருக்கும் ஜனாப் ஷேக் தாவூது அவர்களே, மேடை கொள்ளாமல் அமர்ந்திருக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்களே, இல்லத்தின் எந்தக் கூட்டத்திலும் நான் கண்டிராத இந்தப் பெருந்திரளே, முன்வரிசையில் இருக்கும் இல்லவாசிகளே, வணக்கம்.

சேவைச் செம்மல் உக்கிரபாண்டி மறைந்துவிட்டார். காளவாசல் ஆதரவற்றோர் இல்லத்தின் செயலாளர் அவர். அரசு மானியம் செயலாளர் கையெழுத்துக்குத்தான் வரும். இந்த மாதத்துக்குள் புதிய செயலாளர் யார் என்று சொல்லாவிட்டால் மானியம் நிற்கும். முன்வரிசையில் இருப்பவர்கள் அவரவர் சொந்த ஊருக்கு அனுப்பப்படுவார்கள். சொந்த ஊரில் சோறு போட ஆள் இருந்தால் இவர்கள் ஏன் இங்கே வருகிறார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர் இன்று படமாகி மாலைக்குள் இருக்கிறார்.

எப்படிப்பட்ட மனிதர்! சேவைச் செம்மல் என்று நாம்தான் பட்டம் கொடுத்தோம். வாங்கிக்கொண்டு என் காதோரம் கேட்டார்: "இதை அடுப்புல வச்சா ஒல கொதிக்குமாண்ணே?"

மானியம் எளிதாக வந்ததா? சுவருக்கு ஒப்புதல் வந்த ஆண்டில் கதவுக்கு வரவில்லை. கதவு வந்த ஆண்டில் சுவர் விழுந்திருந்தது. உக்கிரபாண்டி சளைத்தாரா? கதவைப் படுக்கப்போட்டு அதன்மேல் காய்கறி நறுக்கச் சொல்லிவிட்டு, மறுபடியும் சுவருக்கு விண்ணப்பித்தார்.

எண்பத்தொன்றாம் வருடம் சித்திரையில், வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரி ஒருவர் அழகர் எதிர்சேவை அன்று இல்லத்தை ஆய்வுசெய்யப் போனார். அன்றைக்கு மதுரையில் யார் வீட்டில் இருப்பார்கள்? கண் தெரியாதவர், நடக்க முடியாதவர் அத்தனை பேரையும் மாட்டுவண்டிகளில் ஏற்றி, அழகரை எதிர்கொள்ளத் தல்லாகுளம் கூட்டிப்போயிருந்தார் உக்கிரபாண்டி. அதிகாரி பூட்டைப் பார்த்தார். 'பயனாளிகள் எவருமில்லை, மானியம் தேவையில்லை' என்று எழுதினார். பூட்டைப் பார்த்தவரையில் அது சரிதான்.

அழகர் மலைக்குத் திரும்பியதும், அதே வண்டிகள் மறுபடியும் தல்லாகுளம் போயின. இந்த முறை அந்த அதிகாரியின் அலுவலக வராந்தாவில் அனைவரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். அதிகாரி பதறி வெளியே வந்தார்.

"யாருய்யா இவங்கல்லாம்?"

"நீங்க இல்லைன்னு எழுதுனவுக சார்," என்றார் உக்கிரபாண்டி.

கண் தெரியாத இருளாயி அம்மாள், குரல் வந்த பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "அன்னிக்கு எங்க வீட்டுக்கு வந்தீகளாம்ல? நாங்க ஒங்க ஆபீசு வாசல்லதான்யா அழகரைக் கும்புட்டுக்கிட்டு நின்னோம். எம்புட்டுக் கூட்டம்! இதை விட்டுப்புட்டுக் காளவாசலுக்கா போனீக?"

அதிகாரி சிரித்துவிட்டார். சிரித்துவிட்ட அதிகாரியால் மறுத்து எழுத முடிவதில்லை. மானியம் வந்தது. மறுவருடம் எதிர்சேவைக்கு அவரும் அழகருக்குக் காட்டும் சர்க்கரைச் செம்பைக் கையில் ஏந்தி அந்த வண்டியில் வந்தார்.

நண்பர்களே! ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று எனக்கு முன் பேசிய அனைவரும் சொல்லிவிட்டார்கள். எவ்வளவு வசதியான புகழ்மொழி! ஈடுசெய்ய முடியாது என்று முடிவாகிவிட்டால் யாரும் ஈடுசெய்ய வேண்டியதில்லையே! செயலாளர் பொறுப்பை ஏற்கும்படி மேடையில் இருப்பவர்களை ஒவ்வொருவராகக் கேட்டேன். ஒருவருக்குச் சர்க்கரை வியாதி. ஒருவருக்கு மகள் கல்யாணம். நம் பொருளாளர் தம்பி காசிமாயன் சொன்னார்: "நான் எதுக்குண்ணே? அதான் அஞ்சலி போஸ்டர்ல எம்பேரைப் போட்டாச்சுல்ல?"

ஆகவே, செயலாளராக என் பெயரைத் தலைவரிடம் கொடுத்துவிட்டேன். உக்கிரபாண்டியின் இடத்தை நான் நிரப்ப மாட்டேன். அவர் வேலையைச் செய்வேன். இந்த முன்வரிசையிலிருந்து ஒருவரையும் எங்கும் அனுப்ப விடமாட்டேன். இது உறுதி.

இப்போது எழுந்து நின்று மௌனம் காப்பது வழக்கம். அவர் உயிரோடு இருந்தவரை நாம் அதைப் போதுமான அளவு காத்துவிட்டோம். எழுந்து நில்லுங்கள். வாயைத் திறந்து, வாரத்தில் எந்த நாள் இல்லத்துக்கு வேலைக்கு வருவீர்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லுங்கள். சொன்ன பிறகு கலையலாம். மேடையிலிருந்தே தொடங்குவோம்.

தம்பி காசிமாயா, ஒனக்குத் திங்களா, செவ்வாயா?